விதைக்கு எடுக்கும் கதிர்: பயிர் ரகத் தேர்வும் மரபியலும் - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி, காங்கேயம், உடுமலை வட்டாரத்து விவசாயிகளும், வேளாண் படிப்பில் சேர்ந்திருக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் கேட்டவை இவை. நெல் ஒட்டுக்கட்டும் (இரண்டு ரகங்களின் மகரந்தத்தைச் சேர்த்துப் பிள்ளை எடுக்கும்) திடல்களில் பல ஆண்டு உழன்றவன் நான். அதனால் உதாரணங்கள் நெல் பக்கம் சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயலில் எடுப்பாக நிற்கும் பயிரை விதைக்கு எடுத்தால் அடுத்த போகம் முழுக்க அப்படியே வருமா?

பெரும்பாலும் வராது. ஏன் வராது என்பது புரிந்துவிட்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

எங்கள் வயல் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். ஒரு போகத்தில் மடைவாய் ஓரம் நின்ற பத்துப் பதினைந்து தூர்களை அப்பா தனியாக அறுத்து, கதிரைக் கட்டி விட்டத்தில் தொங்கவிட்டார். ஒவ்வொன்றிலும் கதிர் வாரிக்கொண்டு இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அண்ணாந்து காட்டினார். அடுத்த போகத்தில் அதைத் தனிப் பாத்தியில் நட்டபோது, பக்கத்துப் பாத்திக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. “விதை ஏமாற்றிவிட்டது” என்றார். ஏமாற்றியது மடைவாய். வண்டல் அங்கேதான் தங்குகிறது. கட்டுத்தரை கழுவிய தண்ணீர் முதலில் அங்கேதான் பாய்கிறது. ஓரம் என்பதால் வெயிலும் கூடுதல். செடி தின்ற சோற்றை நாங்கள் அதன் குலப்பெருமை என்று எண்ணிவிட்டோம்.

டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் ஜோஹன்சென் இதை அவரை விதைகளை வைத்து 1903-இல் நிறுவினார். கடையில் வாங்கிய கலப்பு விதையிலிருந்து பெரியதையும் சிறியதையும் பிரித்து விதைத்தால், பெரியதன் சந்ததி சற்றுப் பெரியதாக வந்தது. ஆனால் ஒரே செடியின் வழிவந்த தூய வழிக்குள் பெரியதைப் பொறுக்கினாலும் சிறியதைப் பொறுக்கினாலும் சந்ததியின் சராசரி எடை மாறவில்லை. அந்தச் செடிகளுக்குள் இருந்த வேறுபாடு முழுவதும் மண்ணும் தண்ணீரும் தந்தது. விதைக்குள் இருப்பதற்கு மரபு வகை என்றும், கண்ணுக்குத் தெரிவதற்குத் தோற்ற வகை என்றும் பிறகு அவரே பெயரிட்டுப் பிரித்தார். பயிர் இனவிருத்தி என்ற துறை முழுவதும் இந்த இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்கும் பாடுதான்.

எவ்வளவு மண்ணால், எவ்வளவு விதையால் என்று கணக்குப் போட முடியுமா?

முடியும். நிலக்கடலைக் காடு ஒன்று இருக்கிறது, விதை பல வகை கலந்தது என்று வைத்துக்கொள்வோம். செடிக்குச் சராசரி 15 காய். நீங்கள் 25 காய் பிடித்த செடிகளாகப் பார்த்துப் பொறுக்குகிறீர்கள். சராசரியைவிட 10 காய் கூடுதல். அடுத்த ஆண்டு அந்த விதையின் சராசரி 17 வருகிறது. பத்தில் இரண்டுதான் கைக்கு வந்தது; எட்டு மண்ணோடு போய்விட்டது. இந்தப் பத்தில் இரண்டை, அதாவது 0.2-ஐ, மரபுவழித்திறன் என்கிறோம்.

குணத்துக்குக் குணம் இந்த எண் மாறும். பூக்கும் நாள், செடி உயரம், அரிசியின் நீளம் போன்றவற்றில் அது உயரமாக இருக்கும்; கண்ணால் பார்த்துப் பொறுக்கினாலே பலன் உண்டு. மகசூலில் குறைவு. எல்லோருக்கும் வேண்டியது மகசூல்தான் என்பது இந்தத் தொழிலின் பழைய வயிற்றெரிச்சல்.

இன்னொன்று: இந்த எண் அந்த வயலுக்கும் அந்தப் பருவத்துக்கும் மட்டும் உரியது. மேடு பள்ளமான காட்டில் குறையும், சீரான வயலில் கூடும். “இந்தக் குணத்துக்கு இவ்வளவு” என்று கல்லில் வெட்டியதுபோல் எழுதியிருப்பதைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

அப்படியென்றால் சொந்த வயலில் விதை பொறுக்குவதே வீணா?

வீண் இல்லை. பொறுக்கும் விதத்தை மாற்ற வேண்டும். வரப்போரம், மடைவாய், எருக்குவியல் கிடந்த இடம், பக்கத்துச் செடி செத்துப்போய் இடம் காலியான இடம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். மீதி வயலை மனத்துக்குள் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கட்டத்திலேயே சிறந்ததை மட்டும் எடுங்கள். மண் இளைத்த மூலையில் நிற்கும் சுமாரான செடி, வளமான மூலையில் நிற்கும் எடுப்பான செடியைவிட நல்ல விதையாக இருக்கலாம். மக்காச்சோளத்தில் இப்படிக் கட்டம் பிரித்துப் பொறுக்கியே மகசூலைப் படிப்படியாக உயர்த்தியிருக்கிறார்கள்.

கலவன் எடுப்பதையும் மறக்காதீர்கள். பூக்கும் நேரத்தில் உயரத்திலோ நிறத்திலோ வேறாக நிற்கும் செடியைப் பிடுங்கிப் போடுவது அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் “ரகம் கெட்டுப்போய்விட்டது” என்று புலம்புகிறவர்கள் அதிகம்.

நெல், கம்பு, கரும்பு, மஞ்சள் எல்லாவற்றுக்கும் ஒரே தேர்வு முறைதானா?

இல்லை. பயிர் எப்படிக் கருவுறுகிறது என்பதைப் பார்த்துத்தான் முறை.

நெல் தன் மகரந்தத்திலேயே கருவுறும். ஆகவே ஒரு நல்ல செடியைப் பிடித்துத் தனியாகப் பெருக்கினால் அது அப்படியே நிலைக்கும். இதுதான் தூய வழித் தேர்வு. கோவை நெல் ஆராய்ச்சி நிலையம் 1912-இல் தொடங்கியது. அங்கே கோனாமணி என்ற நெல்லில் இயற்கையாகத் தோன்றிய ஒரு மாறுதல் செடியிலிருந்து 1921-இல் வந்தது ஜி.இ.பி. 24. பெயரில் இருப்பது ‘அரசு பொருளாதாரத் தாவரவியலாளர்’ என்ற பதவியின் ஆங்கில முதலெழுத்துகள். மக்கள் அந்தப் பெயரை ஒதுக்கிவிட்டுக் கிச்சிலி சம்பா என்றே அழைத்தார்கள். சன்ன அரிசி. பின்னால் வந்த ஏராளமான ரகங்களின் வம்சத்தில் அது தாயாகவோ தந்தையாகவோ உட்கார்ந்திருக்கிறது.

கம்பு வேறு சாதி. ஒரு கம்பங்கதிரைக் காலையில் நெருங்கிப் பாருங்கள். முதலில் வெள்ளை இழைகள்போல் சூலகமுடிகள் கதிர் முழுக்க வெளியே வந்துவிடும். மகரந்தப் பைகள் வெளிவருவது அதற்குச் சில நாள் கழித்து. தன் மகரந்தம் தயாராகும் முன்பே பக்கத்துச் செடியின் தூள் வந்து சேர்ந்துவிடுகிறது. காங்கேயத்தில் என் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) காட்டில் கம்பு பூத்தபோது உள்ளே புகுந்து வந்தால் சட்டை மஞ்சளாகிவிடும். இப்படிப்பட்ட பயிரில் ஒற்றைக் கதிரை எடுத்து விதை பெருக்கினால் நெருங்கிய உறவுக் கலப்பாகி, சில தலைமுறையில் செடி சோனியாகும். குறைந்தது நூறு இருநூறு கதிர்களையாவது எடுத்து ஒன்றாக அடித்துக் கலக்க வேண்டும். அப்புச்சிக்கு மரபியல் தெரியாது. ஆனால் ஒரு வண்டிக் கதிரைப் பரப்பிப் போட்டுக் கூடை கூடையாகப் பொறுக்கினார். அதற்குப் பெயர் கூட்டுத் தேர்வு என்று எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது.

மஞ்சளில் பருத்த கிழங்காகப் பார்த்து விதைக்கு வைக்கிறோம். அதுவும் தேர்வுதானே?

விதைப்புக்கு நல்லது, தேர்வு ஆகாது. மஞ்சள் மும்மடியத் தாவரம், குரோமோசோம்கள் 63. மூன்று தொகுதிகள் சமமாகப் பிரிய வழியில்லாததால் பெரும்பாலும் விதை உருவாவதில்லை. கிழங்கு வழியாகவே வந்த ஈரோடு நாட்டு மஞ்சளில் ஒரே தோட்டத்துச் செடிகள் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று நகல்கள். பருத்த தாய்க்கிழங்கில் சேமித்த உணவு கூடுதல், முளை வேகமாக வரும், மரபு அதேதான். நோய் இல்லாத கிழங்கைப் பொறுக்குவதுதான் உண்மையான லாபம். அழுகல் பட்ட பாத்தியிலிருந்து எவ்வளவு பருத்ததை எடுத்தாலும் கூடவே அழுகலும் வரும்.

புதிய ரகம் வேண்டுமென்றால் வெவ்வேறு ஊர்களின் மஞ்சளைத் திரட்டி ஒப்பிட வேண்டும். அல்லது மரபைக் கொஞ்சம் உலுக்க வேண்டும். பவானிசாகரிலிருந்து வந்த பி.எஸ்.ஆர். 2 ஈரோடு நாட்டு மஞ்சளில் தூண்டப்பட்ட சடுதி மாற்றத்தின் விளைவு. இப்படி மரபை உலுக்கக் கதிர்வீச்சைப் பயன்படுத்துவதுண்டு. அது என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கதிர் பட்டது பல தலைமுறைக்கு முந்தைய கிழங்கில். உங்கள் தோட்டத்துக் கிழங்கில் அதன் சுவடுகூட இல்லை.

நெல்லில் ஒட்டுக்கட்டுவது என்றால் கையால் என்னதான் செய்கிறார்கள்?

மாலை நேரம். தாயாக நிற்கும் செடியைத் தொட்டியோடு நிழலுக்குக் கொண்டுவந்து, மறுநாள் பூக்கப்போகும் நெல்மணிகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் கத்தரித்துவிடுவோம். மீதமுள்ள ஒவ்வொரு மணியின் தலையையும் மூன்றில் ஒரு பங்கு சாய்வாக வெட்டினால் உள்ளே ஆறு மகரந்தப் பைகள் தெரியும். இளம் பச்சை, எறும்பு முட்டை அளவுகூட இராது. இடுக்கியால் ஆறையும் எடுக்க வேண்டும். ஐந்தை எடுத்து ஒன்றை விட்டால் அந்த மணி தன்னாலேயே கருவுற்று, ஒட்டு என்ற பெயரில் தாயின் நகலை உங்களிடம் தரும். சூலகமுடியில் இடுக்கி பட்டாலும் போயிற்று. பிறகு வெண்ணெய்த்தாள் உறை மாட்டி, நூலில் அட்டை கட்டி, தாய், தந்தை, தேதி எழுத வேண்டும். மறுநாள் காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் தந்தைச் செடியின் கதிர் பூ விரிக்கும். அதை வெட்டி வந்து உறைக்குள் தலைகீழாகத் தட்டினால் தூள் உதிரும். அதற்குச் சில நிமிட ஆயுள்தான். போன் வந்தாலும் எடுக்கக் கூடாது.

அட்டையை மாற்றிக் கட்டிய ஒருவர் எங்களோடு இருந்தார். தவறு நான்காம் தலைமுறையில்தான் தெரிந்தது. இரண்டு ஆண்டு போயிற்று. அவரை யாரும் திட்டவில்லை. அவரே அடுத்த ஒரு மாதம் மதியச் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்காரவில்லை.

ஒட்டுக்கட்டியாயிற்று. பிறகு ரகம் வர ஏன் பத்து ஆண்டு?

“விரை ஒன்று போட சுரை ஒன்று முளைக்குமா” என்று கேட்பார்கள். ஒட்டின் இரண்டாம் தலைமுறையில் அப்படித்தான் முளைக்கும். முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். இரண்டாவதில் தாத்தா பாட்டி குணங்கள் எல்லாம் பிரிந்து, நெட்டை, குட்டை, முன்பூப்பு, பின்பூப்பு என்று வயல் சந்தைபோல் ஆகிவிடும். ஒரு மரபணு மட்டும் என்றால் மெண்டல் சொன்ன மூன்றுக்கு ஒன்று, அதாவது நான்கில் ஒன்று. ஐந்து மரபணுக்களிலும் நல்ல இணையே நிலைத்த செடி வேண்டுமென்றால் 1,024-இல் ஒன்று. பத்து மரபணுக்கள் என்றால் பத்து லட்சத்துக்கு மேலான செடிகளில் ஒன்று. மகசூலை ஆளும் மரபணுக்கள் பத்தோடு நிற்பதில்லை.

ஐ.ஆர். 8 என்ற நெல்லின் கதையில் இது தெளிவாகத் தெரியும். இந்தோனேசிய நெட்டை நெல்லான பேட்டாவையும் தைவான் குட்டை நெல்லான டீ-ஜியோ-வூ-ஜென்னையும் 1962-இல் பிலிப்பைன்ஸில் ஒட்டுக்கட்டினார்கள். இரண்டாம் தலைமுறையில் சுமார் 10,000 செடிகள். அவற்றில் கால் பங்கு குட்டை. உயரம் ஒரே மரபணுவின் வேலை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. கடைசியில் தேறியதன் எண் ஐ.ஆர். 8-288-3. எட்டாவது ஒட்டு, 288-ஆம் செடி, அதன் வழியில் மூன்றாவது. அறிவித்தது 1966-இல். கோடிக்கணக்கான வயிற்றுக்குச் சோறு போட்ட நெல்லுக்கு அந்த எண்ணே பெயராகிவிட்டது. நம் ஊர்க்காரர்களும் அதை ‘ஐயார் எட்டு’ என்றே சொன்னார்கள்.

ஒவ்வொரு தலைமுறையும் தானாகக் கருவுறும்போது கலப்புநிலை (ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் வேறுவேறாக இருப்பது) பாதியாகக் குறையும்: இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் கால், ஆறாவதில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அதற்குப் பிறகே ‘நிலைத்தது’ என்று சொல்லத் துணிவு வரும். இடையில் ஒவ்வொரு செடியின் பிள்ளைகளையும் தனி வரிசையில் நட்டுக் குறிப்பு எழுதிப் பொறுக்கினால் அது வம்சாவளித் தேர்வு. பொறுக்காமல் செடிக்கு ஒரு விதை எடுத்து வேகமாகத் தலைமுறையைத் தள்ளிவிட்டுக் கடைசியில் தேர்வு செய்தால் ஒற்றை விதை முறை. எனக்குப் பின்னதுதான் பிடிக்கும். ஆரம்பத் தலைமுறையில் ஒற்றைச் செடியைப் பார்த்து மகசூலைக் கணிப்பது, நான் முதலில் சொன்ன மடைவாய் ஏமாற்றுதான். மூத்தவர்கள் சிலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். வரிசையின் ஊடே நடந்தே ரகத்தைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்.

சோதனைத் திடலில் ஒரே ரகத்தை மூன்று நான்கு இடத்தில், அதுவும் தாறுமாறாக நடுகிறார்களே?

திருவுளச்சீட்டுப் போட்டு இடம் ஒதுக்குகிறார்கள். நல்ல மண் எந்த ரகத்துக்கும் சலுகையாகப் போய்விடக் கூடாது என்பதற்காகப் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் வகுத்துத் தந்த ஏற்பாடு அது.

கரும்புக்கு ஏன் கோவை? இங்கே விளைவதைவிட உத்தரப் பிரதேசத்தில் அதிகம் விளைகிறதே?

பூப்பதால். வட இந்தியக் குளிரில் கரும்பு சரியாகப் பூத்து விதை பிடிக்காது, கோவையில் பிடிக்கும். அதனால்தான் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் இங்கே வந்தது. அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் வெள்ளை என்ற தடித்த கரும்பையும் இங்கே ஓரங்களில் காடாக வளரும் நாணல் வகைக் காட்டுக் கரும்பையும் சேர்த்தார்கள். அப்படி வந்த கோ 205, பஞ்சாப் வயல்களுக்காக 1918-இல் வெளியானது. இனிப்பு ஒரு பக்கம், வறட்சியும் குளிரும் தாங்கும் முரட்டுத்தனம் மறுபக்கம்.

இந்த ஒட்டில் மரபியல் ஒரு விசித்திரம் செய்கிறது. தடித்த கரும்பு தன் 80 குரோமோசோம்களில் பாதியைத் தராமல் முழுவதையும் பிள்ளைக்குத் தந்துவிடுகிறது. காட்டுக் கரும்பு மட்டும் வழக்கம்போல் பாதி. அதனால் இன்றைய ரகங்களில் நூறுக்கு மேற்பட்ட குரோமோசோம்கள். நெல்லுக்கு 24 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தலச்சேரியில் பிறந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1930-களில் இந்த நிலையத்தில்தான் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார்; கரும்பை மக்காச்சோளத்தோடுகூடச் சேர்த்துப் பார்த்தார்.

கரும்பில் ஒரு வசதி உண்டு. பிடித்த செடி கிடைத்துவிட்டால் கரணை வெட்டி நட்டாலே அது அப்படியே பெருகும். தலைமுறை தலைமுறையாக நிலைப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான நாற்றுகளில் தொடங்கி, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும் மறுதாம்பு வரை பார்த்து, ஒன்றை வெளியிட பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆகிவிடுகிறது.

மக்காச்சோள வீரிய ஒட்டு விதையை மறுபடி எடுத்து விதைக்கக் கூடாது என்கிறார்களே, கம்பெனி தந்திரமா?

கம்பெனிக்கு அதில் லாபம் உண்டு என்பது உண்மை. மரபியல் அதற்கு முன்பே இருந்தது என்பதும் உண்மை. பல தலைமுறை தன்மகரந்தத்தில் மெலிந்துபோன இரண்டு வழிகளைச் சேர்த்தால் பிள்ளை இருவரையும் மிஞ்சும் என்று தாவரவியலாளர் ஜார்ஜ் ஷல் 1908-இலேயே மக்காச்சோளத்தில் காட்டினார். அந்த வீரியம் கலப்புநிலையில் இருக்கிறது. அதன் விதையை மறுபடி விதைத்தால் மேலே சொன்னதுபோல் பிரிந்து, பயிர் ஏற்ற இறக்கமாக நிற்கும். வீரியத்தில் பெரும் பங்கு போய்விடும். நாமக்கல் முட்டைக்கோழிக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் தீவனம் விற்கிறவர் உடுமலைப் பக்கம் ஏக்கருக்கு ஏக்கர் கணக்குப் பார்க்கும்போது இந்த இழப்பு விதைச் செலவைவிடப் பெரியது.

நெல்லில் சாதாரண ரகம் அப்படியில்லை. கலவன் எடுத்துச் சுத்தமாக வைத்தால் சில ஆண்டு தாராளமாக விதைக்கலாம்.

சொந்த விதையை வைத்துக்கொள்ளவும் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் சட்டம் தடுக்கிறதா?

இல்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்ட் பெயர் போட்டு விற்கத்தான் கூடாது.

மரபணுக் குறியீடு வைத்துத் தேர்வு என்றால் அது மரபணு மாற்றுப் பயிர்தானே?

இரண்டும் வேறு. குறியீடு என்பது வேண்டிய மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அடையாளம். நாற்றின் இலையைக் கிள்ளிப் பரிசோதித்து, அது இருக்கிறதா என்று பார்க்கிறோம். கலப்பு வழக்கமான மகரந்தம் வழியாகவே நடக்கிறது.

ஒடிசாவின் பழைய நெல்லான எஃப்.ஆர். 13ஏ வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். சோறு அவ்வளவாகத் தேறாது, மகசூலும் குறைவு. அதன் மூழ்கல் தாங்கும் பகுதியை மட்டும் ஸ்வர்ணா ரகத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒட்டுக்கட்டி, பிள்ளையைத் திரும்பத் திரும்ப ஸ்வர்ணாவோடே சேர்த்து, ஒவ்வொரு முறையும் குறியீடு பார்த்துப் பொறுக்கினார்கள். இதுதான் பின்கலப்பு. 2009-இல் வெளிவந்த ஸ்வர்ணா-சப்1 இரண்டு வாரம்வரை தண்ணீருக்குள் தாக்குப்பிடிக்கும். குறியீடு இல்லாமல் இதைச் செய்ய, ஒவ்வொரு தலைமுறையையும் தொட்டியில் மூழ்கடித்துச் சாகவிட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

மகசூல்போல் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சிறிது சிறிதாக ஆளும் குணத்துக்கு ஒன்றிரண்டு குறியீடு போதாது. 2001-இல் மூன்று கால்நடை மரபியலாளர்கள் முன்வைத்த வழி இப்போது பயிருக்கும் வந்திருக்கிறது: மரபணுத் தொகுதி முழுக்க ஆயிரக்கணக்கான குறியீடுகளைப் படித்து, வயலில் நடும் முன்பே மதிப்பெண் போடுவது. கணினி போடும் மதிப்பெண்ணும் முன்பு வயலில் எடுத்த அளவுகளை நம்பித்தான். அளந்தவர் மடைவாய் ஓரத்தில் அளந்திருந்தால் கணினிக்கும் மடைவாய்தான் தெரியும்.

எல்லோரும் ஒரே நல்ல ரகத்தைப் போட்டால் என்ன கெட்டுவிடும்?

1970-இல் அமெரிக்காவில் ஒரே வகை ஆண்மலட்டு (மகரந்தம் உருவாகாத) தாய்வழியிலிருந்து வந்த மக்காச்சோள ஒட்டுகளை இலைக்கருகல் வாரிக்கொண்டு போனது. அதே தசாப்தத்தில் நம் நாட்டின் முதல் கம்பு ஒட்டு ரகங்களை அடிச்சாம்பல் நோய் வீழ்த்தியது. கோ 0238 கரும்பு 2009-இல் வெளிவந்து உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. பிறகு செவ்வழுகல் அதைப் பிடித்தது. நல்ல ரகம் என்பதால்தான் எல்லோரும் போட்டார்கள். எல்லோரும் போட்டதால்தான் நோய்க்கு விருந்து. உங்கள் தோட்டத்தில் இரண்டு ரகமாவது வையுங்கள்.

‘கோ’, ‘எம்.சி.யூ.’ என்றால் என்ன?

கோ என்றால் கோயம்புத்தூர். எம்.சி.யூ. என்பது மெட்ராஸ்-கம்போடியா-உகாண்டா: திருப்பூர் மில்லுக்குப் போகும் பருத்தியின் வம்சப் பயணம் மூன்றெழுத்தில் இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே காட்ட ஏதாவது உண்டா?

அந்திமந்தாரை. சிவப்புப் பூச் செடி ஒன்று, வெள்ளைப் பூச் செடி ஒன்று; வேறு நிறம் கலவாத விதையிலிருந்து வந்ததா என்று ஒரு பருவம் தனியாக வளர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பூ நான்கு மணிக்கு மேல்தான் விரியும். அதனால் மூன்று மணிக்கே மொட்டை மெதுவாகக் கீறி மகரந்தத் தாள்களை எடுத்துவிட்டு, மாலையில் மற்றதன் தூளைச் சூலகமுடியில் தடவ வேண்டும். அடுத்த பருவத்தில் இளஞ்சிவப்பு வரும். அதன் விதையை விதைத்தால் நான்கில் ஒன்று சிவப்பு, இரண்டு இளஞ்சிவப்பு, ஒன்று வெள்ளை. நான்கு செடி வைத்துவிட்டு இந்தக் கணக்கை எதிர்பார்க்காதீர்கள், நாற்பது செடியாவது வேண்டும். பூவுக்கு ஒரே விதை, மிளகு போல் கறுப்பாக இருக்கும். முற்றியதும் தானே உதிர்ந்துவிடும். கோழி பொறுக்கிவிடாமல் முன்கூட்டியே சின்னத் துணிப்பை கட்டிவிடுங்கள்.